சட்டியில் குடம்புளி, குப்பியில் குடம்புளி: எடை குறைக்க எந்த சப்ளிமெண்ட் தேவை?

பாறசாலை, பொழியூர்ப் பக்கம் மீன்கறிக்கு வாளன்புளி போடும் வீடும் உண்டு, குடம்புளி போடும் வீடும் உண்டு. புகையில் காய்ந்து கரிக்கட்டை போலக் கிடக்கும் குடம்புளித் தோலில் இரண்டு துண்டைக் கழுவி மண்சட்டியில் போட்டால், சாளைக்கறி மறுநாள் காலை வரை கெடாது. ருசியும் ஏறியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான இந்த மரத்துக்கு கார்சீனியா கம்போஜியா என்று இன்னொரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரோடு மாத்திரைக் குப்பிக்குள் போய், ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்ற வாசகத்தை ஒட்டிக்கொண்டு, உலகத்தைச் சுற்றிவிட்டு நம் செல்போன் திரைக்கே விற்பனைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கரைக்கிறதா? அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998இல் முடிவு வெளியானது. எடை கூடிய 135 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் குடம்புளியின் சாரமான ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலத்தை நாளுக்கு 1500 மில்லிகிராம் கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு அதே உருவத்தில் வெறும் மாத்திரை. யார் எதை விழுங்குகிறார் என்று அவர்களுக்கே தெரியாது. இரு பிரிவினருக்கும் கலோரி குறைந்த, நார்ச்சத்து நிறைந்த சாப்பாடு. 12 வாரம் கழித்துப் பார்த்தால், குடம்புளிச் சாரம் சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தற்செயலாக வரக்கூடியதுதான். எல்லாருக்கும் எடை இறங்கியது, ஆனால் இறக்கியது சாப்பாடு.

நாற்பதைத் தாண்டி, முதல் தடவையாக எடையைக் குறைக்கலாம் என்று இறங்குகிறவர் மெடிக்கல் ஸ்டோரில் போய், “அண்ணே, தடி குறைய வல்லதும் மருந்து உண்டா?” என்று கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எது உதவும், எது வீண்செலவு, எது ஆபத்து?

சப்ளிமெண்ட் என்றால் என்ன?

சாப்பாட்டில் குறைவதை நிரப்புகிற பொருள், அவ்வளவுதான். இந்தியச் சட்டப்படி இது உணவு வகையில் சேரும். மருந்து அல்ல என்பதால், மருந்துக்குக் கேட்பது போன்ற சோதனை ஆதாரத்தைக் காட்டாமலே கடைக்கு வந்துவிடலாம். கடையில் இருப்பதை மூன்று கூடையில் போடலாம். வைட்டமின் டி, பி12, இரும்பு போன்றவை முதல் கூடை. உடம்பில் குறை இருந்தால் இவை அதை அடைக்கும். வே புரதப் பொடி, இசப்கோல், மீன் எண்ணெய் இரண்டாம் கூடை. இவை சாப்பாட்டின் ஒரு பகுதியைப் பொடியாகவும் மாத்திரையாகவும் ஆக்கியவை. ‘ஃபேட் பர்னர்’ வகையறாக்கள் மூன்றாம் கூடை. முதல் இரண்டு கூடையில் உள்ளவை சிலருக்குச் சில வேளை உபயோகப்படும். மூன்றாவதைத் தொடாமலிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

பணத்தை எடுக்கும் முன் இஞ்சு நாடாவை எடுங்கள்

இந்தியர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பு சேரும். ஆகவே இடுப்புச் சுற்றளவு முக்கியம். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு 23க்கு மேல் போனாலே கூடுதல், 25க்கு மேல் உடல்பருமன்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் 2005இல் ஒரு எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று பெயர். நான்கே கேள்விகள். வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்பு மேலே சொன்ன அளவுக்குள் இருந்தால் 0, ஒரு பத்து சென்டிமீட்டர் வரை கூடினால் 10, அதற்கும் மேல் போனால் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் சேர்ந்திருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. தாய் தந்தையில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டி 60 வந்தால் அபாயம் அதிகம்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 47. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 80 கிலோ, இடுப்பு 98. ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர், இப்போது வேலை உட்கார்ந்த இடத்தில். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. பிஎம்ஐ 28. மதிப்பெண் 20, 10, 30, 10 என்று கூட்டினால் 70. அவர் தினமும் நடக்க ஆரம்பித்து, இடுப்பையும் 90க்குள் கொண்டுவந்தால் அதே மதிப்பெண் 50 ஆகிவிடும். வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் அவர் கையில். இந்த நான்கு கேள்வியில் எந்தப் பொடியைப் பற்றியும் கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, கொழுப்பு, ஹீமோகுளோபின். எடை ஏறுவதற்கே தைராய்டு காரணமாக இருக்கலாம், சிறுநீரகம் முன்பே பலவீனமாக இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆர் நாடு முழுக்க எடுத்து 2023இல் வெளியிட்ட கணக்கில் கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருப்பவர் பரிசோதனையைத் தள்ளிப்போட ஒரு நியாயமும் இல்லை. அரசு சுகாதார மையங்களில் நடக்கும் ஜீவிதசைலி நோய் கிளினிக்கில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள்.

புரதம்: பொடிக்கு முன் தட்டு

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்து கரையும். நாற்பதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆகவே நடுவயதில் எடை குறைப்பவருக்கு உண்மையிலேயே கவனம் வேண்டிய சத்து புரதம்தான்.

எவ்வளவு வேண்டும்? ஐசிஎம்ஆர் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை போகலாம் என்பது பொதுவான கருத்து. சிறுநீரக நோய் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். நம் 80 கிலோக்காரர் 70 கிலோவைக் குறியாக வைத்தால் நாளுக்கு 70 முதல் 84 கிராம்.

இப்போது அவர் தட்டைப் பார்ப்போம். காலையில் புட்டும் பழமும். மதியம் குத்தரிசிச் சோறு, ஒரு சின்னத் துண்டு மீன், மீதி மீன்சாறு. சாயங்காலம் சாயாவும் பழம்பொரியும். ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீண்டும் மீன்சாறும். வயிறு நிறைகிறது, ஆனால் புரதம் 40 கிராமைத் தாண்டுவது சந்தேகம். மரச்சீனியில் 100 கிராமுக்குச் சுமார் 160 கலோரி உண்டு, புரதமோ ஒன்றரை கிராம்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு அது. அரிசி கிடைக்காத காலங்களில் இந்த நாட்டைப் பட்டினியிலிருந்து காத்தது. கடலில் வலை இழுத்துவிட்டு வந்தவனுக்கு அது சரியான சாப்பாடு. கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு வந்தவனுக்கு அதே அளவு கூடுதல்.

அதே சமையலறையில் அளவை மட்டும் மாற்றலாம். காலையில் புட்டைப் பாதியாக்கி, ஒரு கப் கடலைக்கறி வைத்தால் 14 கிராம் அதிலேயே வரும். மதியம் சோற்றைப் பாதியாக்கி, மீனை 100 கிராம் ஆக்கினால் 20 கிராம். கூடவே அரைக் கப் பயறு தோரன், 7 கிராம். சாயங்காலம் பழம்பொரிக்குப் பதில் ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, 7 கிராம். ராத்திரி இரண்டு முட்டை, 12 கிராம், கிழங்கு உள்ளங்கையளவு. சோறு, புட்டு, மோர் தரும் சில்லறையையும் கூட்டினால் எழுபதை எட்டிவிடும். பொடி எதுவும் வாங்கவில்லை.

பிறகு வே புரதம் யாருக்கு? மீன், முட்டை சாப்பிடாதவர், வேலை நேரத்தால் ஒரு வேளை சாப்பாடு தவறுகிறவர், பசியில்லாதவர். இவர்களுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் தரும் ஒரு கரண்டி வசதியானது. அதில் மந்திரம் எதுவும் இல்லை, பால் திரியும்போது தெளியும் நீரிலிருந்து பிரித்த புரதம்தான். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு உப்பும். வாங்கும்போது டப்பா விலையைப் பார்க்காமல், ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். முட்டைக்கும் சாளைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

தரத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கேரளத்து மருத்துவர்கள் பங்கேற்று 2024இல் வெளியான ஒரு ஆய்வில், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் டப்பாவில் அச்சிட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீத மாதிரிகளில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு. அதே ஆண்டு ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பைத் தேற்றப் புரதப் பொடியை நம்ப வேண்டாம் என்றே சொன்னது.

சாப்பாட்டுக்குப் பதில் குடிக்கும் ‘ஷேக்’ பற்றியும் ஒரு வார்த்தை. இது எடையைக் குறைக்கும், ஆனால் காரணம் சாப்பாடு போனதுதான். பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகள் 306 பேரிடம் நடந்த டைரக்ட் ஆய்வில், நாளுக்கு 850 கலோரியை ஒட்டிய ஷேக் உணவைப் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். அந்த முறையைப் பின்பற்றியவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நீரிழிவு தணிந்தது. அங்கே மருந்தைக் குறைக்கவும் கூட்டவும் மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், தெருமுனை ‘நியூட்ரிஷன் கிளப்’ சொன்னது என்று இதைத் தானாகச் செய்தால் சர்க்கரை அளவு திடீரென்று தாழ்ந்துவிடும்.

இசப்கோல்: பழைய டப்பா, நல்ல உபயோகம்

மலச்சிக்கலுக்கு வீட்டில் வைத்திருக்கும் இசப்கோல் உமி கரையும் வகை நார்ச்சத்து. தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று ஆகி, வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கும். கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கும், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தையும் தணிக்கும். எடையில் அதன் பங்கு சிறியதுதான், இருந்தாலும் பசியை ஆற்றும். சாப்பாட்டுக்கு முன் ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சேராது.

நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வாழைக்கூம்புத் தோரனும் முருங்கையிலையும் பயறும் தட்டில் இருந்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். தேங்காய்த் துருவலை மட்டும் கை அளந்து போடட்டும். 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது.

மீன் எண்ணெய்: கடற்கரையில் நின்றுகொண்டு குப்பி வாங்குவதா?

இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மீன் எண்ணெய் வராமல் நின்றபோது, இந்தக் கரையோரத்துச் சுறா ஈரலிலிருந்துதான் எண்ணெய் எடுத்தார்கள். பக்கத்துத் தூத்தூர்க்காரர்கள் இன்றும் சுறா வேட்டைக்குப் பெயர் போனவர்கள். ஆக மீன் எண்ணெய் நமக்குப் புதிதல்ல.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையில் உபயோகமான ஒமேகா 3, அதாவது இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம்தான். 100 கிராம் சாளையில் ஒரு கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். மழைக்காலம் கழிந்து நெய் வைத்த சாளையில் இன்னும் கூடும். மூன்று நான்கு மாத்திரைக்குச் சமம், கூடவே 20 கிராம் புரதமும் பி12உம் உண்டு. எடையைக் குறைப்பதில் மீன் எண்ணெய்க்குச் சொல்லத்தக்க பங்கு இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி 2018இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில், நாளுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த கணக்கைக் குறைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் சாளையோ அயலையோ கறியாகச் சாப்பிடுகிறவருக்கு இந்தக் குப்பி வேண்டாம். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கணக்கு கெடும். யூரிக் அமிலம் கூடியவர் சாளையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வைட்டமின்கள்: ஓட்டை இருந்தால் அடைக்கலாம்

வைட்டமின் டி எடையைக் குறைக்காது. குறைபாடு இருந்தால் உடம்பு வலிக்கும், தசை தளரும், அப்புறம் நடக்க மனம் வராது. அந்த வகையில் மட்டுமே இதற்கும் எடைக்கும் சம்பந்தம். ஐசிஎம்ஆர் பரிந்துரை நாளுக்கு 600 யூனிட். கடையில் கிடைப்பதோ 60,000 யூனிட் பொட்டலம். பரிசோதித்துக் குறைவென்று தெரிந்தால் மருத்துவர் வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்குத் தருவார். நிறுத்தச் சொன்னபோது நிறுத்த வேண்டும். யாரோ நல்லதென்று சொன்னார்கள் என்று மாதக்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

பி12 குறைவது பெரும்பாலும் சைவர்களுக்கு. மீன் சாப்பிடும் வீட்டில் அபூர்வம் என்றாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு பி12 மெல்லக் குறையும். கால் மரத்துப்போனால் சர்க்கரையின் தலையில் மட்டும் பழியைப் போடாமல் பி12ஐயும் பாருங்கள்.

இரும்புச் சத்து, மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்குத் தேவைப்படலாம். அது நின்றபின் ஹீமோகுளோபின் பார்க்காமல் தொடர வேண்டியதில்லை. கால்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தோலி, தயிர், கேழ்வரகு மூன்றும் போதும். எடை குறையும்போது சிலருக்கு முடி கொட்டும், உடனே பயோட்டின் மாத்திரைக்கு ஓடுவார்கள். பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாகக் காட்டக்கூடும். பரிசோதனைக்கு முன் அதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

கிரியாட்டின்: பையன்களின் பொடி, பெரியவர்களுக்கும் ஆகும்

ஜிம்முக்குப் போகும் பையன்களின் பொருள் என்று ஒதுக்கப்படும் கிரியாட்டின் நிறைய ஆராயப்பட்ட ஒன்று. நாளுக்கு 3 முதல் 5 கிராம். எடை தூக்கும் பயிற்சியோடு சேர்த்துச் சாப்பிட்ட மூத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சுமார் 1.4 கிலோ தசை கூடியதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. பயிற்சி இல்லாமல் பொடி மட்டும் குடித்தால் வீண். ஆரம்பத்தில் தசை நீரைப் பிடித்துவைப்பதால் தராசு முள் ஒரு கிலோ ஏறலாம், பயப்பட வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர் தவிர்க்க வேண்டும்.

புதியவருக்கு முதல் மாதம் இதுவும் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். தண்ணீர் நிறைத்த இரண்டு குடத்தைத் தூக்கி முற்றத்தைச் சுற்றுங்கள். வாரத்தில் மூன்று நாள் இதை இரண்டு மாதம் விடாமல் செய்தவர் கிரியாட்டினைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாம் கூடை: தொட வேண்டாம்

கிரீன் டீயைக் குடிப்பதில் தவறில்லை, எடையில் அது செய்வது மிகச் சொற்பம். அதே இலையின் சாரத்தை மாத்திரையாக்கி விழுங்குவது வேறு கதை. அதிலுள்ள இஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. குடம்புளிச் சாரம் கலந்த மாத்திரைகளிலும் கல்லீரல் கெட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு மீன்கறிச் சட்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இரண்டு துண்டுத் தோலும் செறிவாக்கிய சாரமும் ஒன்றல்ல.

ஆப்பிள் சிடர் வினிகர் எடையைக் குறைக்கிறது என்று 2024இல் ஒரு ஆய்வு பெரிய பரபரப்பானது. புள்ளிவிவரத்தை நம்ப முடியவில்லை என்று அதை வெளியிட்ட பிஎம்ஜே நிறுவனமே 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பரபரப்பு பரவிய அளவுக்குத் திரும்பப் பெற்ற செய்தி பரவவில்லை.

மூலிகைப் பொடி என்று விற்கப்பட்டு உண்மையிலேயே பசியை அடக்குகிறது என்றால்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து இதய ஆபத்தால் 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அது பல நாடுகளில் ‘இயற்கை’ மெலிவுப் பொடிகளுக்குள் ரகசியமாகக் கலக்கப்பட்டுப் பிடிபட்டிருக்கிறது. படபடப்பு, தூக்கமின்மை, ரத்த அழுத்தம் ஏறுதல் தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உடல்பருமனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். ‘ஒரே மாதத்தில் பத்து கிலோ’ என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் எடையைக் குறைப்பது உண்மை. அவை சப்ளிமெண்ட் அல்ல, மருத்துவர் எழுதிக் கண்காணிக்க வேண்டிய மருந்துகள்.

டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரைக்குக் கீழ் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண் உரிமம் இருப்பதைச் சொல்லும், வேலை செய்யும் என்று சொல்லாது. ஒவ்வொரு சத்தும் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ‘தனிக்கலவை’ என்று மொத்தமாக ஒரே எண் போட்டிருந்தால் எதையோ மறைக்கிறார்கள். காலாவதித் தேதி, சேர்த்த சர்க்கரை இரண்டையும் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் இவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம்.

நெய்யாற்றின்கரையில் சோதித்துப் பார்த்தது

பொழியூரும் பாறசாலையும் அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுக்காவில்தான் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெரிய ஆய்வு நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்து ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தியது. அறுபது வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, 30 முதல் 60 வயதுக்குள், மேலே சொன்ன மதிப்பெண்ணில் அபாயம் அதிகமுள்ள 1007 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பகுதிகளில் கையேடு கொடுத்து விட்டார்கள். மறு பாதியில் அக்கம்பக்கத்தாரே கூடும் குழுக்கள், ஓராண்டில் 15 அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். நடைக்குழு, யோகா, வீட்டுக் காய்கறித் தோட்டம் என்று அவர்களே அமைத்துக்கொண்டார்கள். மாத்திரையோ பொடியோ இல்லை.

முடிவு 2018இல் பிஎல்ஓஎஸ் மெடிசின் இதழில் வந்தது. இரண்டாண்டு முடிவில் கையேடு பெற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை, ஆய்வாளர்களும் அதை மறைக்கவில்லை. ஆனால் குழுவினரின் அபாய மதிப்பெண் இறங்கியது, காய்கறியும் பழமும் கூடின, குடி குறைந்தது. சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவான பலன் காட்டியது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு மூன்றாண்டில் நீரிழிவு 28.5 சதவீதம் குறைவாக வந்தது, அதுவும் எடை பெரிதாக இறங்காமலேயே. அமெரிக்காவில் 2002இல் வந்த ஆய்வில் எடையில் 7 சதவீதம், வாரம் 150 நிமிட நடை என்று இலக்கு வைத்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது.

இந்த எண்களில் ஒரு நேர்மை இருக்கிறது. பலன் மெல்ல வரும், சில இடத்தில் சிறிதாக வரும் என்று ஒளிக்காமல் சொல்கின்றன. குப்பியில் ஒட்டிய வாசகம் அப்படிச் சொல்லாது.

எதிலிருந்து தொடங்குவது?

முதல் மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். இடுப்பை அளந்து சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சோற்றையும் கிழங்கையும் பாதியாக்கி, மீனையும் பயற்றையும் கூட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள். மழை என்று நீங்கள் தயங்கினால் அவர் வந்து கூப்பிடுவார்.

இரண்டாம் மாதம் குடம் தூக்கும் பயிற்சி. நார்ச்சத்து குறைவென்றால் இசப்கோல். பரிசோதனையில் டி அல்லது பி12 குறைவென்று வந்திருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் அது.

மூன்றாம் மாதம், தட்டை மாற்றியும் புரதம் எட்டவில்லையென்றால் மட்டும் ஒரு சிறிய டப்பா வே. பெரிய டப்பா மலிவு என்ற கணக்கில் மயங்க வேண்டாம், பாதியில் நிறுத்தினால் மலிவும் நஷ்டம்தான். 80 கிலோக்காரருக்கு நான்கு முதல் ஐந்தரை கிலோ குறைந்தாலே அது எடையில் 5 முதல் 7 சதவீதம். அதைத் தொட ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று காலையில், சாப்பிடும் முன், அதே நாடாவை எடுத்து அதே இடத்தில் அளந்து, காலண்டரில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எதை வாங்குவது, எதை நிறுத்துவது என்பதை அந்த இரண்டு எண்களையும் வைத்து முடிவு செய்யலாம்.